பிஎம்டபிள்யூ எக்ஸ்1 டீசல்: பழைய 190 குதிரையா, புதிய 150 குதிரையா?

கரூர்க்காரன்:

வணக்கம் நண்பர்களே. கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறேன். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் கழிகிறது. சென்னை, தூத்துக்குடி துறைமுகம், திருப்பூர் என்று சுற்றல். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால் மாமியார் ஊரான வால்பாறை. இப்போது கையில் இருப்பது 1.5 லிட்டர் டீசல் எஸ்யூவி, 116 குதிரைத்திறன், 250 என்எம் டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை, என்எம் அதன் அளவு). சமவெளியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, ஏசியும் ஓடி, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஏற ஆரம்பித்தால் வண்டி திணறுகிறது.

அடுத்ததும் டீசல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த அளவு பிரீமியம் வண்டிகளில் டீசலைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டாம் தலைமுறை ஆடி க்யூ3 இங்கே பெட்ரோலில் மட்டும் வந்தது. வால்வோ எக்ஸ்சி40 டீசலை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. மெர்சிடிஸ் ஜிஎல்ஏ 220டி என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. மிச்சம் எக்ஸ்1. அதில்தான் குழப்பம்.

ஒன்று, 2018 மாடல் எஃப்48 (எக்ஸ்1-இன் இரண்டாம் தலைமுறை), எஸ்டிரைவ் 20டி. 190 குதிரைத்திறன், 400 என்எம், 8 கியர் ஆட்டோமேட்டிக். தெரிந்தவர் மூலம் வருகிறது, புது வண்டியின் ஆன்ரோடு விலையில் பாதிகூட இல்லை. இரண்டு, 2023 ஜனவரியில் அறிமுகமான யு11 (மூன்றாம் தலைமுறை), எஸ்டிரைவ் 18டி எம் ஸ்போர்ட். 150 குதிரைத்திறன், 360 என்எம், 7 கியர் டூயல் கிளட்ச். 0-100 எடுக்க முன்னது 8 நொடிக்குச் சற்றுக் குறைவு, பின்னது 8.9 நொடி என்று கம்பெனி சொல்கிறது.

புது வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்து 40 குதிரையை இழப்பது சரியா? ஓட்டும்போது அந்த 40 உண்மையில் தெரியுமா? இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.


டீசல்பித்தன்:

அண்ணா, நான் கோவை. எஃப்48 20டி வைத்திருக்கிறேன். உங்கள் வால்பாறை ரோடுதான் எனக்கும் வழக்கமான பாதை, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் இருக்கிற காட்சிமுனை வரைக்கும் பெரும்பாலும் ஏதாவது ஒரு அரசு பஸ் பின்னால்தான் போவோம். வளைவு முடிந்து நேராகும்போது டிரைவர் கையைக் காட்டி வழி விடுவார். அந்த இடம் ரொம்பச் சின்னது. அடுத்த வளைவுக்குள் பஸ்ஸைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். 20டியில் அந்த நேரத்தில் ஆர்பிஎம் முள் 1800 பக்கம் நிற்கும். மிதியைப் பாதிக்கு மேல் அழுத்த வேண்டியதே இல்லை. கியர்கூட இறங்காது, முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு வண்டி போகும். இன்ஜின் சத்தம் உயர்வதற்குள் பஸ் கண்ணாடியில் பின்னால் இருக்கும். வீட்டு ஆட்கள் பேச்சை நிறுத்தக்கூட மாட்டார்கள். எனக்கு பெர்ஃபார்மன்ஸ் என்றால் இதுதான்.

குறையையும் சொல்கிறேன். நிறுத்தத்திலிருந்து மிதியை முழுசாக அழுத்தினால், அதுவும் மழை ஈரத்தில், முன் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், ஸ்டியரிங்கில் லேசாக இழுப்பு தெரியும். 400 என்எம்மும் முன் இரண்டு சக்கரம் வழியாகத்தானே தரைக்குப் போக வேண்டும். சஸ்பென்ஷன் இறுக்கம், பின்சீட்டில் அம்மா அப்பா இருந்தால் வேகத்தடையில் பார்த்துத்தான் போக வேண்டும்.

18டியை நண்பரிடம் வாங்கி அவிநாசி ரோட்டில் ஓட்டினேன். நகர ஓட்டத்தில் வித்தியாசம் என்று ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நூறைத் தாண்டிய பிறகு 20டி இன்னும் கேட்கிறது, 18டி "போதும்" என்கிறது.


முறுக்குவிசை:

டீசல்பித்தன் உடம்பில் உணர்ந்ததைக் கணக்கில் காட்டலாம். குதிரைத்திறன் என்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. 190, 150 என்று விளம்பரத்தில் போடுவது 4000 ஆர்பிஎம் பக்கம் கிடைக்கிற உச்சம். அன்றாடம் அங்கே யார் ஓட்டுகிறார்கள்? டீசல் வண்டியில் நம் கால் பெரும்பாலும் 1500-க்கும் 2500-க்கும் நடுவில்தான் வாழ்கிறது. அதனால் 2500-இல் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

20டி: 400 என்எம் × 2500 ஆர்பிஎம், ஏறக்குறைய 142 குதிரைத்திறன்.
18டி: 360 என்எம், 128.
ஜீப் காம்பஸ் 2.0 டீசல்: 350 என்எம், 125.
எக்ஸ்1 18ஐ பெட்ரோல்: 230 என்எம், 82.
கரூர்க்காரர் இப்போது வைத்திருக்கும் 250 என்எம் டீசல்: 89.

காகிதத்தில் 40 ஆக இருக்கிற வித்தியாசம், கால் வாழும் இடத்தில் 14 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் அவிநாசி ரோட்டில் அது பிடிபடவில்லை. இன்னொன்று, 18டி அந்த 360-ஐ 1500-லேயே கொடுக்கத் தொடங்கிவிடும். 20டிக்கு 400 கிடைப்பது 1750-இல் இருந்து. இரண்டும் அதே 1995 சிசி பி47 இன்ஜின்தான், அழுத்தமும் எரிபொருள் அளவும் வேறு வேறு அளவில் வைக்கப்பட்டிருக்கிறது.

மலைக்கு எவ்வளவு தேவை என்றும் பார்த்துவிடலாம். வண்டி, ஐந்து பேர், பெட்டிகள் சேர்த்து 2 டன் என்று வையுங்கள். 6 சதவீத ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 27 குதிரைத்திறன் போய்விடும். காற்று, டயர் உராய்வு, ஏசி எல்லாம் தனி. மிச்சம் இருப்பதில்தான் ஓவர்டேக். 89-இல் அதைக் கழித்தால் கை காலியான மாதிரி இருக்கும். 128-இல் கழித்தால் அப்படித் தோன்றாது. உங்கள் திணறல் 18டியிலேயே தீர்ந்துவிடும், அதற்கு 20டி வரை போகத் தேவையில்லை.

ஆனால் 20டி வீண் என்று சொல்லமாட்டேன். தேனி-கம்பம் மாதிரி போக்கு ஒன்று வரவு ஒன்று என்றிருக்கிற சாலையில், லாரிக்குப் பின்னால் 60-இல் போய்க்கொண்டிருந்து, இடம் கிடைத்ததும் மிதியை முழுசாக அழுத்துகிறீர்கள். கியர் இறங்கி இன்ஜின் 4000 பக்கம் போகிறது. இப்போது 190-ம் 150-ம் நிஜமாகவே மோதிக்கொள்ளும் இடம். அதே 2 டன் எடைக்கு, கியர்பாக்ஸ் இழப்பையும் காற்றையும் கழித்துப் போட்ட என் கணக்கில் 60-இலிருந்து 90 போக 20டிக்கு மூன்று நொடி சொச்சம், 18டிக்கு நான்கு நொடி சொச்சம். ஒரு நொடிதானே என்று தோன்றும். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது 25 மீட்டர். எதிரே வருபவரும் அதே வேகம் என்றால் இருவருக்கும் நடுவில் 50 மீட்டர் குறைகிறது. நான்கு பஸ் நீளம்.

கரூர்-திண்டுக்கல்-மதுரை-தூத்துக்குடி நான்கு வழி. அங்கே அந்த ஒரு நொடி தேவைப்படாது. உங்கள் ஓட்டத்தில் இரு வழிச் சாலை எவ்வளவு என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


ஆற்காடுரோடு:

சென்னையிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. 2500 ஆர்பிஎம்மில் பெட்ரோலை டீசலோடு ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை. பெட்ரோல் 18ஐ ஒரு கியர் இறங்கி 4500-க்குப் போனால் அதன் 136 குதிரையும் கிடைக்கிறது. 0-100 பாருங்கள்: பெட்ரோல் 9.2, டீசல் 8.9. வெறும் 0.3 நொடி. டீசலுக்கு இத்தனை கொண்டாட்டம் எதற்கு?

அடுத்து பணம். அறிமுக விலையில் 18ஐ 45.90 லட்சம், 18டி 47.90 லட்சம். இரண்டு லட்சம் வித்தியாசம். ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பு) சொல்லும் மைலேஜ் டீசலுக்கு 20.37, பெட்ரோலுக்கு 16.35. டீசல் லிட்டர் 92, பெட்ரோல் 101 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு டீசலில் நாலரை ரூபாய், பெட்ரோலில் ஆறு ரூபாய் இருபது காசுக்குள். மிச்சம் ஒன்றே முக்கால் ரூபாய்கூட வராது. அந்த இரண்டு லட்சத்தை மீட்க 1.2 லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தின் செலவைச் சேர்க்கவே இல்லை.

இன்னொரு விஷயம் டிபிஎஃப். என் முந்தைய வண்டி பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல், எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. எனக்கு வளசரவாக்கத்திலிருந்து கோடம்பாக்கம், திரும்ப வளசரவாக்கம். மெட்ரோ வேலை நடந்த காலத்தில் இரண்டாவது கியரைத் தாண்டியதே இல்லை. டிபிஎஃப் விளக்கு எரியும், பைபாஸில் ஓட்டி அணைப்பேன், அடுத்த வாரம் மறுபடி எரியும். புகைக்கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் அது. கரி எரிய வேண்டுமானால் உள்ளே 600 டிகிரி வரை சூடு ஏற வேண்டும், அதற்குக் கால் மணி, இருபது நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டும். சென்னைக்குள் அந்த இருபது நிமிடம் எங்கே கிடைக்கும்? நகரத்திலேயே ஓட்டுகிறவர்கள் எவ்வளவு நல்ல டீசலாக இருந்தாலும் வாங்காதீர்கள். நான் பெட்ரோலுக்கு மாறிய பிறகு நிம்மதியாக இருக்கிறேன்.


முறுக்குவிசை:

ஆற்காடுரோடு சார் சொன்ன டிபிஎஃப் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. பணக்கணக்கும் சரி, இதை எல்லா ஷோரூமிலும் எழுதி ஒட்ட வேண்டும். எரிபொருள் மிச்சமாகும் என்று பிரீமியம் டீசல் வாங்குவது அர்த்தமில்லாதது. வாங்க வேண்டிய காரணம் இழுவை, ஒரு டேங்கில் போகிற தூரம், அவ்வளவுதான்.

4500 ஆர்பிஎம் வாதத்துக்கு மட்டும் பதில். பெட்ரோல் 18ஐ மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர். அது 4500-இல் உச்சமாக 136-ஐக் கொடுக்கும்போது, டீசல் 2500-லேயே 128-ஐக் கொடுத்துவிடுகிறது, அதுவும் அமைதியாக. தனியாளாக ஒரு முறை முந்துவதற்கு இரண்டும் ஒன்றுதான். குடும்பத்தோடு முழு எடையில், 40 வளைவிலும் ஒவ்வொரு முறையும் கியர் இறங்கி இன்ஜின் கத்துவதும், கத்தாமலே ஏறுவதும் ஒன்றல்ல. 0.3 நொடி வித்தியாசம் ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்த வண்டிக்கு. எடை ஏற ஏற அந்த இடைவெளி பெரிதாகும்.


சிறுமலை:

திண்டுக்கல்லிலிருந்து. ஜீப் காம்பஸ் டீசல் 4x4 வைத்திருப்பவன். பிஎம்டபிள்யூ இழையில் இதைச் சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் கேள்வி இழுவை பற்றியது என்பதால் சொல்கிறேன்.

ஃபியட்டின் 2.0 மல்டிஜெட், 173 குதிரைத்திறன், 350 என்எம். 2017-இல் வந்தபோது இந்த விலையில் இப்படி ஒரு இன்ஜின் இல்லை. புனே பக்கம் ரஞ்சன்காவ்னில் தயாராகிறது. இதே இன்ஜினைத்தான் டாடா ஹாரியரும் எம்ஜி ஹெக்டரும் வாங்கிப் போட்டன. 1700-க்குக் கீழே கொஞ்சம் தூங்கும். கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் வேகம் விழுந்துவிட்டால் முதல் கியருக்குப் போகத்தான் வேண்டும். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) எழுந்த பிறகு அது வேறு வண்டி. சிறுமலை ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் இந்த இரண்டு முகத்தையும் பார்க்கிறேன். மேனுவல் எடுத்தவர்களுக்கு இந்தப் பழக்கம் வர ஒரு மாதம் ஆகும். 9 கியர் ஆட்டோமேட்டிக்கில் இந்தத் தூக்கம் தெரியாது.

பள்ளத்தில் விழுந்தால் சத்தம் மட்டும் வரும், அடி உள்ளே வராது. எக்ஸ்1-இல் அந்தத் தைரியம் எனக்கு இல்லை. கரூர்க்காரரே, நீங்கள் எடுக்கப்போகிற இரண்டும் முன்சக்கர இழுவை. வால்பாறையில் எஸ்டேட் மண் ரோட்டில் இறங்குவீர்கள் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள்.


பழையஇரும்பு:

முதல் தலைமுறை எக்ஸ்1, இ84 இன்னும் என்னிடம் ஓடுகிறது. 2010 கடைசியில் இங்கே வந்த வண்டி. 177 குதிரைத்திறன், 350 என்எம், இன்ஜின் நீளவாக்கில், பின்சக்கர இழுவை. எஸ்யூவி என்று சொன்னார்களே தவிர உட்கார்ந்தால் கார்தான். ஏற்காடு வளைவுகளில் இதைத் திருப்பும் சுகம் எஃப்48-இல் வராது, யு11-இலும் வராது. எஃப்48 வந்தபோது இன்ஜினைக் குறுக்கே திருப்பி முன்சக்கர இழுவை ஆக்கினார்கள். சக்கர இடைவெளி 2760 மில்லிமீட்டரிலிருந்து 2670-க்குக் குறைந்தது, ஆனால் பின்சீட்டில் இடம் கூடியது. குடும்பத்துக்கு அது லாபம், ஓட்டுபவனுக்கு நஷ்டம். என் மனசு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள ஒன்று. இந்த வண்டிகள் செங்கல்பட்டு மாவட்டத்தில், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் பூட்டப்படுபவை. ஆலை 2007-இல் தொடங்கியது. 2015-இல் உள்நாட்டு பாகங்களின் பங்கை 50 சதவீதம் வரை கொண்டுபோனபோது, இன்ஜின் பூட்டும் வேலையை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் சென்னைப் பக்கமே தனி ஆலை வைத்து எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் பெருமை உண்டு.

இப்போது கரூர்க்காரருக்கு. 2018 வண்டி பிஎஸ்4, பிஎஸ்6-க்கு முந்தைய விதி. அதற்கும் புது 18டிக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. 2020 மார்ச்சில் எஃப்48-க்கு முகமாற்றம் வந்தது. பிஎஸ்6, அதே 20டி, அதே 190, அதே 400, அதே 8 கியர். ஆலையிலிருந்து வந்த கடைசி 190 குதிரை எக்ஸ்1 டீசல் இங்கே அதுதான். வயதும் குறைவு. என்னைக் கேட்டால் அதைத் தேடுவேன்.

புது வண்டிக்கு வரியும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குச் சாலை வரி 20 சதவீதம். 47.90 லட்சத்துக்கு அது மட்டும் 9.58 லட்சம். பழைய வண்டியில் அதை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார்.


நெறியாளர்:

பொதுச் சாலையில் 0-100 எடுத்த வீடியோ இணைப்புகள் இரண்டு நீக்கப்பட்டன. இந்த இழை நன்றாகப் போகிறது, அப்படியே தொடருங்கள்.


கரூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. முறுக்குவிசை சார் போட்ட 89 என்ற எண்ணைப் பார்த்ததும் என் வண்டியின் திணறல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது.

ஆற்காடுரோடு சார், என் ஓட்டத்தில் நகரம் குறைவு. கரூரைத் தாண்டினால் நெடுஞ்சாலைதான், டிபிஎஃப் பயம் எனக்குப் பெரிதில்லை என்று நினைக்கிறேன். சிறுமலை அண்ணா, எஸ்டேட் மண் ரோட்டுக்கு மாமனாரிடம் ஜீப் இருக்கிறது, என் வண்டி தார் ரோட்டோடு நின்றுவிடும்.

நேற்று யு11 18டி டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். உள்ளே நுழைந்தால் வேறு தலைமுறை, வளைந்த திரை, மிதக்கிற மாதிரி நடுவில் ஒரு மேடை, கியருக்குச் சின்னதாக ஒரு சுவிட்ச். பழைய வண்டியில் திரையை இயக்க இருந்த ஐடிரைவ் குமிழ் இல்லை, ஏசியைக் கூட்டவும் திரையைத்தான் தொட வேண்டும். ஓட்டிக்கொண்டே அதைச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் மிகக் குறைவு. இன்ஜின் உண்மையிலேயே 1500-இல் இருந்து இழுக்கிறது.

ஒரு சந்தேகம். சிக்னலில் ஊர்ந்து போகும்போது, நின்று எடுக்கும் முதல் நொடியில் ஒரு சின்னத் தயக்கம் தெரிந்தது. இது டூயல் கிளட்ச் என்பதாலா? மலையில், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது இது தொல்லை ஆகுமா?


முறுக்குவிசை:

ஆமாம், பெரும்பங்கு அதனால்தான். 20டியில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. நின்று எடுக்கும்போது அது டார்க்கைக் கொஞ்சம் பெருக்கியும் கொடுக்கும், அதனால் தயக்கம் இல்லாமல் வழுவழுவென்று நகரும். டூயல் கிளட்சில் நிஜமான கிளட்ச் தட்டுகள் ஒட்டிப் பிரிய வேண்டும். ஓட்டத்தில் கியர் மாற்றம் மின்னல் வேகம், ஆனால் ஊர்தலில் கன்வெர்ட்டர் அளவுக்கு நயம் வராது.

பயப்பட வேண்டாம், எக்ஸ்1-இல் இருப்பது எண்ணெயில் மூழ்கிய கிளட்ச். உலர் கிளட்ச் வண்டிகளில் மலை ஊர்தலில் சூடேறி எச்சரிக்கை வரும் என்று படித்திருப்பீர்கள், எண்ணெய்க் கிளட்ச் அந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். ஒரு பழக்கம் மட்டும் வேண்டும்: ஏற்றத்தில் மிதியை லேசாக அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். பிரேக்கைப் பிடியுங்கள். முன்னால் இடம் விட்டு, ஒரேயடியாக நகருங்கள்.


ஊட்டிப்பாதை:

இடையில் புகுந்து ஒரு கேள்வி. நான் அடிக்கடி ஊட்டி, கல்லட்டி வழி. உயரத்தில் டீசல் இழுவை குறையுமா? என் பழைய டர்போ இல்லாத பெட்ரோல் கார் ஊட்டியில் பாதி உயிரோடுதான் ஓடும்.


முறுக்குவிசை:

ஊட்டி 2240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. டர்போ இல்லாத இன்ஜின் அதே விகிதத்தில் சக்தியை இழக்கும். டர்போ உள்ள இன்ஜின் அதன் விசிறியை வேகமாகச் சுழற்றி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். அதற்கு அரை நொடி கூடுதலாக எடுக்கலாம், அவ்வளவுதான். இது டர்போ பெட்ரோலுக்கும் பொருந்தும்.


டீசல்பித்தன்:

கல்லட்டியில் இறங்கும்போது ஒன்று நினைவில் வையுங்கள். 36 வளைவும் செங்குத்து. எந்த ஆட்டோமேட்டிக்கானாலும் டி-யில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எஃப்48-இல் கியர் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டாவது கியரில் பூட்டி விடுவேன், வண்டி தானே பிடித்துக்கொண்டு இறங்கும். ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம், இறங்குவதில் இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதையும் டெஸ்ட் டிரைவில் பாருங்கள்.


வேலூர்வாசி:

டீசலே இன்னும் எத்தனை நாள் என்று யாரும் பேசவில்லையே? தில்லி மாதிரி இங்கேயும் பத்து வருடத்தில் நிறுத்திவிட்டால் பணம் போச்சு.


பழையஇரும்பு:

தில்லி விஷயம் 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது அந்த ஊர்க் காற்றுக்காகத் தலைநகர் வட்டாரத்துக்குப் போட்டது. தமிழ்நாட்டில் டீசலுக்கும் முதல் பதிவு 15 வருடம், பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கலாம். என் இ84 அந்த எல்லையை நெருங்குகிறது, புதுப்பிக்கத்தான் போகிறேன். விற்கும்போது வாங்குபவர் கூட்டம் சுருங்கும் என்பது உண்மை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டதிலிருந்தே அது தெரிகிறது. விற்பதற்காக வாங்குபவர்கள் பெட்ரோல் பக்கம் போகட்டும்.


கரூர்க்காரன்:

முடிவுக்கு வந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். சென்னை, தூத்துக்குடி ஓட்டத்துக்கு 18டி தாராளம். ஆனால் என் ஓட்டத்தை உட்கார்ந்து யோசித்தால், இரு வழிச் சாலை நான் நினைத்ததைவிட அதிகம். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் போகும் உள்வழிகள் எல்லாம் அப்படித்தான். அங்கே தேங்காய் லாரி, சிமென்ட் லாரி, காற்றாலை இறக்கை ஏற்றிய நீள வண்டிகள். முறுக்குவிசை சார் சொன்ன அந்த 50 மீட்டர் எனக்கு அங்கேதான் வேண்டும். ஓட்டும்போது குமிழும் பட்டனும் கைக்கு எட்ட வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

அதனால் பழையஇரும்பு அண்ணா சொன்னபடி 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 20டி தேடினேன். கோவையில் ஒன்று இருக்கிறது, முதல் உரிமையாளர் டாக்டர். வரும் ஞாயிறு பார்க்கப் போகிறேன். எதை எதைப் பார்க்க வேண்டும்?


பழையஇரும்பு:

முதல் வேலை, நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டீசல் உண்மையைப் பேசும். முதல் சில நொடி கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து சங்கிலி உரசுகிற மாதிரி சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இந்த இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம் இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டுமானால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும், சின்னச் செலவு அல்ல. சத்தம் சந்தேகமாக இருந்தால் விலை பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் துடையுங்கள். பிஎஸ்6 டீசலில் விரல் கிட்டத்தட்ட சுத்தமாக வர வேண்டும். கன்னங்கரேலென்று கரி ஒட்டினால் டிபிஎஃப் உடைந்திருக்கலாம், அல்லது யாரோ உள்ளே இருந்ததை எடுத்துவிட்டிருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூடவே கூட்டிப்போய் டிபிஎஃப் கரி அளவையும் கடைசியாக ரீஜெனரேஷன் (அந்தக் கரியை எரிப்பது) எப்போது நடந்தது என்பதையும் படிக்கச் சொல்லுங்கள். டாக்டர் வண்டி என்றால் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. குறைந்த கிலோமீட்டர் என்று மகிழ்வதற்கு முன் அது எப்படிப்பட்ட கிலோமீட்டர் என்று கேளுங்கள்.

டயர் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வகையா பாருங்கள். இரண்டு ரன்ஃபிளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்), இரண்டு சாதாரணம் என்று கலந்து போட்டிருந்தால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். ரன்ஃபிளாட்டின் பக்கச்சுவர் கடினம், சஸ்பென்ஷன் இறுக்கம் என்று சொல்வதில் பாதி அதனால் வருவது.


டீசல்பித்தன்:

கரூர் அண்ணா, ஞாயிறு நான் கோவையில்தான் இருக்கிறேன். ஸ்கேனர் உள்ள மெக்கானிக் என் நண்பர், அவரையும் கூட்டி வருகிறேன். காலை ஏழு மணிக்கு முன்பே போய்விடலாம், வெயில் ஏறினால் பானட் சூடு எதனால் என்று சொல்ல முடியாது. தனிச்செய்தியில் இடத்தை அனுப்புங்கள்.